பெரியம்மாவின் டெக்கும் அரசாங்கத்து மணியும்

2006 ஏப்ரல். சித்திரை வருடப்பிறப்பு முடிந்த செவ்வாய்க்கிழமை, மட்டக்களப்பு ஆரையம்பதியில் பெரியம்மா வீடு. பலகாரத் தட்டோடு வரவேண்டியவர் கையில் வீடியோ கசட்டோடு வந்தபோதே நான் திரும்பிப் போயிருக்க வேண்டும்.

பெரியம்மா: வா மனே. சனிக்கிழமை வந்து என் வீடியோ டெக்கில் என்ன செய்துவிட்டுப் போனாய்?

நான்: ஒன்றும் செய்யவில்லையே. நாட்டில் மணியை அரை மணி பின்னுக்குப் போட்டார்கள். நானும் உங்கள் மணிக்கூடுகளைத் திருத்தினேன். கூடத்தில் ஒன்று, சாமியறையில் ஒன்று, டெக்கில் ஒன்று.

பெரியம்மா: நேற்று என் 9 மணி நாடகம் பதியவில்லை.

நான்: வெறும் கசட்டா?

பெரியம்மா: வெறும் கசட் என்றால் மனம் ஆறியிருக்கும். ஒரு பிள்ளை வந்தாள். நம்முடைய கதாநாயகிதான், காய்ச்சலில் மெலிந்துவிட்டாளாக்கும் என்று நினைத்தேன். அவளை மாமியார் நடுராத்திரியில் வெளியே தள்ளினாள். அழுது, மூக்கைச் சிந்தி, கடைசியில் பெயர் போடும்போது பார்த்தால் அது வேறு நாடகம்! நமக்குச் சம்பந்தமில்லாத குடும்பத்துக்கு அரை மணி அழுதிருக்கிறேன்.

நான்: டைமரில் எத்தனை மணி போட்டிருந்தீர்கள்?

பெரியம்மா: எப்போதும் போல 9.30. சென்னையில் 9 என்றால் நமக்கு 9.30. இது தெரியாமலா டெக் திருத்த வந்தாய்?

நான்: அதெல்லாம் போன கிழமை வரைக்கும். இப்போது அங்கேயும் 9, இங்கேயும் 9.

பெரியம்மா: யாரைக் கேட்டு?

நான்: முந்தி ஒரே நேரமாகத்தானே இருந்தது. 1996 இல் மழை இல்லை, நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இல்லை, கரண்ட் இல்லை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க மே மாதம் ஒரு மணி முன்னுக்குத் தள்ளினார்கள். ஒக்டோபரில் அதில் அரை மணியைத் திருப்பித் தந்தார்கள். மிச்ச அரை மணி இந்தச் சனிக்கிழமைதான் வந்தது.

பெரியம்மா: பத்து வருடக் கடன்! வட்டிக்கு இரண்டு நிமிடமாவது போட்டுத் தந்திருக்கலாம். வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் அக்கா இந்த விளையாட்டுக்கே வரவில்லை, பார். கொக்கட்டிச்சோலைக் கோயிலுக்குப் போக மண்முனைத்துறையில் 8 மணிக்குப் பாதைப் படகில் ஏறுவேன், அக்கரையில் 7.45 க்கு இறங்குவேன். ஏறுவதற்கு முன்னரே போய்ச் சேர்ந்த ஆள் நான்.

நான்: அங்கே புலிகளின் கட்டுப்பாடு, பழைய நேரம்தானே. அவர் மணிக்கூட்டைத் தொடவே இல்லை. இப்போது நாடே அவருடைய மணிக்கூட்டுக்கு வந்து நிற்கிறது.

பெரியம்மா: அவளிடம் கரண்டும் இல்லை, ரீவியும் இல்லை. கரண்ட் இல்லாத வீட்டில் மணி சரி, கரண்ட் இருக்கிற வீட்டில் நாடகம் பிழை!

(இங்கேதான் எனக்கு ஒன்று உறைத்தது. டெக்கின் பழைய 9.30 தான் சென்னையின் 9. வீட்டிலேயே திருத்தத் தேவையில்லாத மணிக்கூடு அது ஒன்றுதான். வாயைத் திறக்கவில்லை.)

பெரியம்மா: அப்போ, நீ டெக்கைத் தொடாமல் விட்டிருந்தால்?

நான்: தேத்தண்ணி இருக்கா பெரியம்மா?

பெரியம்மா: கேட்டதற்குப் பதில் சொல்.

நான்: சரியாகப் பதிந்திருக்கும். அதை விடுங்கள், நாடகத்தை நேரத்துக்கே உட்கார்ந்து பார்த்தால் என்ன?

பெரியம்மா: 9 மணிக்குப் பெரியப்பா செய்தி பார்ப்பார். ரீவியில் ஒன்று ஓட, டெக் தன் பாட்டில் இன்னொன்றைப் பிடிக்கும். இந்த வீட்டில் சொன்னதைக் கேட்டது அது ஒன்றுதான், நீ வரும் வரைக்கும்.

நான்: சரி, இப்போதே மாற்றுகிறேன். தொடக்கம் 9, முடிவு 9.30.

பெரியம்மா: பொறு, பொறு. அந்த மெலிந்த பிள்ளை நடுராத்திரியில் எங்கே போவாள்?

நான்: சம்பந்தமில்லாத குடும்பம் என்றீர்களே?

பெரியம்மா: அழுத பிறகு சம்பந்தம் வந்துவிட்டது.

நான்: அப்போ முடிவை 10 ஆக்கலாம். ஆனால் கிழமைக்கு ஐந்து நாள், ஐந்து மணி. இது ஈ-180 கசட், மூன்று மணிதான் கொள்ளும். புதன்கிழமையோடு சரி.

பெரியம்மா: அலுமாரியில் அண்ணனின் கலியாணக் கசட் இருக்கிறது.

நான்: அதில் பதிய முடியாது. முதுகில் இருக்கிற பிளாஸ்டிக் துண்டை உடைத்துத்தான் வைத்திருக்கிறோம்.

பெரியம்மா: அந்த ஓட்டையில் ரேப் ஒட்டினால் பதியும். எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்?

நான்: ஐயோ, வேண்டாம்! இந்த டெக்கில் எல்.பி. என்று ஒரு பொத்தான் இருக்கிறது. நாடா பாதி வேகத்தில் ஓடும், மூன்று மணிக் கசட் ஆறு மணி பிடிக்கும். படம் கொஞ்சம் மங்கும்.

பெரியம்மா: மங்கட்டும். என் கண்ணில் தண்ணீர் நிற்கும்போது எல்லாம் மங்கல்தான். இதைப் பத்து வருடத்துக்கு முதல் சொல்வதற்கு என்ன? மறுகா, ஆறில் ஐந்து போனால் இன்னும் ஒரு மணி மிச்சமா?

நான்: ஓம்.

பெரியம்மா: 10 மணிக்கு என்ன போகுது என்று பார்.