அரங்கில் எழுந்த அந்தச் சிரிப்பு

மூன்று நாட்களாக அந்தக் காணொளி என்னைத் துரத்திக்கொண்டே இருக்கிறது. மேடையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற பாதுகாப்பு வல்லுநர், அணு ஆயுதங்களை ஒழிக்கக் கோரும் கையெழுத்துத் தாளுடன் எழுந்து நிற்கும் மாணவியைப் பார்த்து, "இதில் எத்தனை கையெழுத்து சேர்ந்தால் ஏவுகணை திரும்பிப் போகும், அம்மா?" என்று கேட்கிறார். அரங்கு சிரிக்கிறது. காணொளி அத்துடன் முடிந்துவிடுகிறது. என் நட்பு வட்டத்தில் மட்டும் பதினோரு பேர் அதைப் பகிர்ந்திருக்கிறீர்கள். சிலர் சிரிப்புக் குறிகளோடும், ஒருவர் "செம்ம பதில்" என்ற பாராட்டோடும். அந்தத் தாள் நான் எழுதி, நான் அச்சிட்டு, நான் அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தது. ஆகவே அந்தச் சிரிப்பில் எனக்கும் பங்கு உண்டு என்று எடுத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

கையெழுத்து ஏவுகணையைத் திருப்பும் என்று எங்களில் எவரும் எந்நாளும் சொன்னதில்லை. நாங்கள் சொல்வது வேறு. அணு ஆயுதங்களை வைத்து எதிரியை அச்சுறுத்தித் தடுப்பது என்ற ஏற்பாடு, கருவிகள் ஒருமுறைகூடப் பிழை செய்யாது, மனிதர்கள் ஒருமுறைகூடத் தவறாக முடிவெடுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. அந்த நம்பிக்கை பலமுறை பொய்த்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் நாம் தப்பியது தற்செயலால். இதைத்தான் அந்தத் தாளும் சொல்கிறது. இரண்டே பத்திதான். சிரித்தவர்களில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்?

நான் இருபத்தாறு ஆண்டுகள் வேதித் தொழிற்சாலைகளின் கட்டுப்பாட்டு அறைகளில் வேலை பார்த்தவன். எச்சரிக்கை மணி என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஓர் இரவுப் பணியில், ஒரு சேமிப்புக் கலனின் அழுத்தம் ஏறுவதாக இரண்டு தனித்தனிக் கருவிகள் ஒரே நேரத்தில் காட்டின. ஒன்று காட்டினால் சந்தேகப்படலாம், இரண்டு காட்டினால் நம்பித்தான் ஆக வேண்டும் என்றுதான் எங்களுக்குக் கற்பித்திருந்தார்கள். எனக்குக் கை நடுங்கியது. உடன் இருந்த இளைஞரைக் கலனுக்கே அனுப்பி, அங்கே பொருத்தியிருந்த அழுத்தமானியை நேரில் பார்த்துச் சொல்லச் சொன்னேன். அழுத்தம் இயல்பாக இருந்தது. இரண்டு கருவிகளின் கம்பிகளும் ஒரே இணைப்புப் பெட்டி வழியாக வந்திருந்தன; அதற்குள் மழைநீர் புகுந்திருந்தது. "தனித்தனி" என்று நாங்கள் நம்பியிருந்தவை தனித்தனியாகவே இருக்கவில்லை. நேரில் போய்ப் பார்த்துவர ஒருவர் இருந்தார், இருபது நிமிட அவகாசமும் இருந்தது என்பதால்தான் அன்று நான் பெருந்தவறு எதுவும் செய்யவில்லை.

1983 செப்டம்பர் 26 அன்று, நள்ளிரவு கடந்த நேரத்தில், சோவியத் எச்சரிக்கை மையத்தில் பணியிலிருந்த ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவுக்கு அந்த வசதி இல்லை. அமெரிக்கா ஓர் ஏவுகணையை ஏவிவிட்டதாகச் செயற்கைக்கோள் அமைப்பு சொன்னது. பிறகு மேலும் நான்கு என்றது. அதற்கு மூன்றரை வாரங்களுக்கு முன்புதான் கொரியப் பயணிகள் விமானம் ஒன்றைச் சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்தி, 269 பேர் இறந்து, இரு தரப்பும் கொதித்துக்கொண்டிருந்தன. போரைத் தொடங்குகிறவன் ஐந்தே ஐந்து ஏவுகணைகளோடு தொடங்குவானா என்று அந்த மனிதர் ஐயுற்றார். பொய் எச்சரிக்கை என்றே மேலிடத்துக்குத் தெரிவித்தார். மேகங்களின் மேல் பட்ட சூரிய ஒளியை அந்த அமைப்பு ஏவுகணையின் தீப்பிழம்பாக எடுத்துக்கொண்டது பிறகுதான் தெரியவந்தது. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை வந்து சேர ஏறத்தாழ அரை மணி நேரம் போதும். நீர்மூழ்கியிலிருந்து ஏவினால் அதுகூட ஆகாது. அவர் யாரை அனுப்பி நேரில் பார்த்துவரச் சொல்லியிருக்க முடியும்?

அது ஒரே ஒரு முறை நடந்தது என்றால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். 1979 நவம்பரில், போர்ப் பயிற்சிக்கான தரவு உண்மையான எச்சரிக்கை அமைப்புக்குள் புகுந்து, பெருந்தாக்குதல் வருவதாக அமெரிக்கத் திரைகள் காட்டின. 1980 ஜூனில், ஒரு டாலர்கூடப் பெறாத கணினிச் சில்லு ஒன்று பழுதாகி அதே கலவரம் மீண்டும் மூண்டது. 1995 ஜனவரியில் நார்வேயிலிருந்து வடதுருவ ஒளியை ஆய்வு செய்ய அனுப்பிய ராக்கெட்டைத் தாக்குதலாக ரஷ்யா ஐயுற்று, அணு ஆயுதங்களை ஏவ ஆணையிடுவதற்கான அதிபர் யெல்ட்சினின் கைப்பெட்டி திறக்கப்பட்டது. நார்வே முன்கூட்டியே தகவல் அனுப்பியிருந்தது; உரிய இடத்துக்கு அது போய்ச் சேரவில்லை. 1961 ஜனவரியில், வட கரோலினாவின் கோல்ட்ஸ்பரோ அருகே குண்டுவீச்சு விமானம் ஒன்று உடைந்து, இரண்டு ஹைட்ரஜன் குண்டுகள் அமெரிக்க மண்ணிலேயே விழுந்தன. அவற்றில் ஒன்று வெடிப்பதற்கான பல படிகளைக் கடந்துவிட்டிருந்தது. அது வெடிக்காமல் தடுத்தது ஒரே ஒரு குறைமின்னழுத்தச் சுவிட்ச் என்று பின்னாளில் வெளியான ஆவணம் சொல்கிறது. நான் வேலை பார்த்த இடத்தில் அப்படிப்பட்ட அமைப்பை வைத்திருந்தால், எந்த ஆய்வாளரும் அதற்கு ஒப்புதல் கொடுத்திருக்க மாட்டார்.

எண்பது ஆண்டுகளாக உலகப் போர் வரவில்லையே, அதற்கு இந்த ஆயுதங்கள் மீதான அச்சம்தானே காரணம் என்று பலர் கேட்கிறீர்கள். அச்சத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இஸ்ரேலிடம் அணு ஆயுதம் இருப்பதாக உலகமே நம்பிய 1973இல் எகிப்தும் சிரியாவும் அதைத் தாக்கின. அணு ஆயுத நாடான பிரிட்டன் கட்டுப்பாட்டில் வைத்திருந்த ஃபாக்லாந்து தீவுகளை, அந்த ஆயுதம் இல்லாத அர்ஜென்டினா 1982இல் கைப்பற்றியது. 1999இல் கார்கிலில் மோதிய இரு நாடுகளும் முந்தைய ஆண்டுதான் அணுகுண்டு வெடித்துக் காட்டியவை. இவை எதையும் அச்சம் தடுக்கவில்லை. உலகம் அழிவின் விளிம்புக்குப் போய்வந்த 1962 கியூப நெருக்கடியில் நம்மைக் காப்பாற்றியது நல்வாய்ப்புதான் என்று சொன்னவர், அப்போது அமெரிக்கப் பாதுகாப்புச் செயலராக இருந்த ராபர்ட் மெக்னமாரா. அவரும் தாள் நீட்டி நின்ற மாணவிதானா?

உக்ரைனைச் சொல்வீர்கள் என்று தெரியும். நேற்று மட்டும் நான்கு பேர் அதை எழுதியிருந்தீர்கள். 1994இல் புடாபெஸ்டில் கிடைத்த உறுதிமொழியை நம்பித் தன் மண்ணில் இருந்த அணு ஆயுதங்களை அந்த நாடு ஒப்படைத்தது. உறுதிமொழி தந்த நாடுகளுள் ஒன்றே பின்னர் அதன்மேல் படையெடுத்தது. இது எனக்கும் வலிக்கும் கேள்வி. அந்த ஆயுதங்களை இயக்கும் அதிகாரம் மாஸ்கோவின் கையில்தான் இருந்தது, உக்ரைன் நினைத்தால் ஏவியிருக்க முடியாது என்று பதில் சொல்லலாம். அது உண்மையும்கூட. ஆனால் வீடு இழந்த ஒருவரிடம் போய் அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு வாய் வராது. வாக்குத் தவறியவர்களைத் தண்டிக்க வழியில்லாத உலகில் ஆயுதக் களைவு எவ்வளவு கடினம் என்பதை அது காட்டுகிறது. அதிலிருந்து, எல்லா நாடுகளும் குண்டு செய்துகொள்ளட்டும் என்ற முடிவுக்கு உங்களால் போக முடிகிறது; என்னால் முடியவில்லை. ஒன்பது நாடுகள் வைத்திருக்கும்போதே இத்தனை முறை தப்பிப் பிழைத்திருக்கிறோம். முப்பது நாடுகள் வைத்திருந்தால் எத்தனை பெட்ரோவ்கள் விழித்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

"எதிரி நாட்டில் போய்க் கையெழுத்து வாங்குவீர்களா?" என்று கேட்ட நண்பருக்கு: வாங்கியிருக்கிறார்கள். அதைவிடப் பெரியதையும் செய்திருக்கிறார்கள். பனிப்போர் உச்சத்தில் இருந்த 1980இல், அமெரிக்க இதய மருத்துவர் பெர்னார்ட் லோனும் சோவியத் இதய மருத்துவர் யெவ்கேனி சாசோவும் சேர்ந்து, அணுப் போருக்குப் பிறகு சிகிச்சை என்ற ஒன்றே இருக்காது என்று இரு நாட்டு மக்களிடமும் சொல்லும் மருத்துவர் அமைப்பைத் தொடங்கினார்கள். 1985இல் அதற்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

பொதுமக்களால் எதுவும் நடந்ததில்லை என்று அந்த வல்லுநர் மேடையில் சொன்னதுதான் எனக்கு மிகவும் வலித்தது. 1954 மார்ச் 1 அன்று பசிபிக் பெருங்கடலின் பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த 15 மெகாடன் குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் பொழிந்தது. 23 மீனவர்கள் நோயுற்றார்கள். படகின் கம்பியில்லாத் தந்தியை இயக்கிய குபோயாமா அந்தச் செப்டம்பரில் இறந்தார். டோக்கியோவின் சுகினாமி பகுதியில் வீடு வீடாகச் சென்று கையெழுத்து வாங்கத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் இல்லத்தரசிகள். அடுத்த ஆண்டுக்குள் நாடு முழுவதும் 3 கோடிக்கு மேல் கையெழுத்துகள் சேர்ந்தன. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் விஞ்ஞானிகளும் தாய்மார்களும் சேர்ந்து, விழுந்த பால் பற்களை லட்சக்கணக்கில் திரட்டி, குண்டுச் சோதனைகளால் வந்த ஸ்ட்ரான்சியம்-90 என்ற கதிரியக்கப் பொருள் குழந்தைகளின் எலும்பிலும் பல்லிலும் ஏறிக்கொண்டிருப்பதை அளந்து காட்டினார்கள். 1963இல் வளிமண்டலச் சோதனைகளைத் தடைசெய்யும் ஒப்பந்தம் கையெழுத்தானதற்கு அந்தப் பற்கள் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பற்கள் இல்லாமல் அந்தக் கதையைச் சொல்ல முடியாது. 1982 ஜூன் 12 அன்று நியூயார்க்கில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் திரண்டார்கள். 1986இல் 70,000ஆக இருந்த அணு ஆயுதங்கள் இன்று ஏறத்தாழ 12,000. அந்த எண்ணிக்கை தானாகக் குறையவில்லை.

விவரமறிந்தவர்கள் யாரும் இந்தப் பக்கம் வரமாட்டார்கள் என்கிறீர்களே, அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டத்திலேயே பணியாற்றி, ஜெர்மனியிடம் குண்டு இல்லை என்று தெரிந்ததும் மனசாட்சிக்கு அஞ்சி 1944இல் வெளியேறிய இயற்பியலாளர் ஜோசப் ராட்பிளாட் விவரம் அறியாதவரா? 2007 ஜனவரியில் அணு ஆயுதமற்ற உலகம் வேண்டும் என்று கூட்டாக எழுதிய அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவுச் செயலர்கள் கிசிஞ்சரும் ஷுல்ட்ஸும், முன்னாள் பாதுகாப்புச் செயலர் பெர்ரியும், முன்னாள் செனட்டர் நன்னும் வெகுளிகளா? அவர்கள் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. பத்தொன்பது வயதுப் பெண் சொன்னபோது மட்டும் சிரிப்பு வருகிறது.

1945இல் நாகசாகியில் அணுகுண்டு விழுந்தபோது சுமிதெரு தானிகுச்சிக்குப் பதினாறு வயது. மிதிவண்டியில் அஞ்சல் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். முதுகு முழுவதும் வெந்து, ஓராண்டு ஒன்பது மாதங்கள் குப்புறப் படுத்தே கிடந்தார். 1949இல்தான் மருத்துவமனையை விட்டு வெளியே வந்தார். தன் முதுகின் படத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, 2017இல் இறக்கும் வரை இந்த ஆயுதங்கள் வேண்டாம் என்று பேசினார். அவர் இறப்பதற்கு ஏறத்தாழ எட்டு வாரங்களுக்கு முன்பு, ஜூலை 7 அன்று, ஐக்கிய நாடுகள் சபையில் 122 நாடுகள் அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தை ஏற்று வாக்களித்தன. அந்த ஆயுதம் வைத்திருக்கும் ஒரு நாடும் அதில் சேரவில்லை என்பீர்கள். ஆம், சேரவில்லை. அதனால்தானே தாளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறோம்.

அந்தப் பெண் நேற்று இரவு எனக்கு எழுதினாள். "நான் எழுந்திருக்கவே கூடாதோ, ஐயா?" என்று கேட்டிருந்தாள். அதைப் படித்த பிறகு என்னால் உறங்க முடியவில்லை. நான் அவளுக்குத் தாளைக் கொடுத்தேன். அரங்கமே சிரிக்கும்போது எப்படி நிற்பது என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

பகிர்ந்த நண்பர்களே, உங்கள் பதிவை நீக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. உங்களிடம் இருப்பது வெட்டிய காணொளி. நான் அந்த அரங்கில் மூன்றாவது வரிசையில் இருந்தேன். அவர் கேலி செய்வதற்கு முன்பு அவள் ஒரு கேள்வி கேட்டாள்: "அச்சுறுத்தித் தடுப்பது என்பது ஒரே ஒரு முறை தவறினால், அதன் பிறகு என்ன செய்வது என்று உங்களிடம் திட்டம் இருக்கிறதா?" அதற்குத்தான் அவர் கையெழுத்துகளை எண்ணச் சொன்னார். உங்கள் பதிவின் கீழே அந்தக் கேள்வியையும் சேர்த்துவிடுங்கள்.