டென்ட்ல தங்கும்போது யானை மட்டும்தான் ஆபத்தா?

கொடைக்கானல் பக்கம் டென்ட்ல தங்குறவங்க காட்டு விலங்குகிட்ட ஜாக்கிரதையா இருக்கணும்னு எழுதியிருக்கீங்க, ரொம்ப சரி, 2021 ஜனவரில வயநாடு மேப்பாடில டென்ட்ல தங்கப் போன ஒரு பொண்ணை யானை தாக்கி கொன்னுச்சே, அதை மறக்கவே முடியல. ஆனா மனுஷங்களையும் கரி அடுப்பையும் விட்டுட்டீங்களே.

போன டிசம்பர்ல நாங்க ரெண்டு குடும்பம் பூம்பாறை தாண்டி தங்கினோம். சாயங்காலம் பைக்ல ஒருத்தன் வந்து எத்தனை பேரு, ஆம்பளைங்க எத்தனை, யாரு எந்த டென்ட்டுன்னு விசாரிச்சான், கேம்ப் ஆளுன்னு நெனச்சு என் தங்கச்சி எல்லாத்தையும் சொல்லிட்டா, அப்புறம் கேம்ப்ல கேட்டா அப்படி யாருமே இல்லைன்னுட்டாங்க. ராத்திரி 11 மணிக்கு அதே பைக் லைட்ட அணைச்சிட்டு வந்து நிக்குது! கார் ஹெட்லைட்ட போட்டு சத்தம் குடுத்ததும்தான் போனான். அவசர உதவிக்கு 112க்கு அடிக்கலாம்னா சிக்னலே இல்ல, மேட்டுல ஏறணும். தயவுசெஞ்சு சிக்னல் எங்க கிடைக்குதுன்னு பகல்லயே பாத்து வெச்சுக்கோங்க, காரை வெளிய போற பக்கம் திருப்பி நிறுத்துங்க.

அப்புறம் அந்த கரி. குளிருதுன்னு டென்ட்டுக்குள்ள வைக்கவே வைக்காதீங்க, கரியிலருந்து வர்ற கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயுவுக்கு வாசனையே கிடையாது, தலைவலி, தூக்கம் வருதுன்னு படுத்தவங்க எழுந்திரிக்கவே மாட்டாங்க. நெருப்பு அணைஞ்சிடுச்சு, வெறும் கங்குதானேன்னு நெனைக்கிறாங்க, அந்தக் கங்குலருந்தும்தான் அது வரும். பக்கத்து டென்ட் பசங்க அப்படித்தான் அடுப்ப உள்ள தூக்கிட்டுப் போனாங்க, எங்க மாமா சண்டை போட்டு வெளிய வைக்க வெச்சாரு.