முதலாளி கடிதத்தை எவ்வளவு நம்பலாம்?

சிங்கப்பூரில் வீட்டை வாடகைக்கு விடுமுன், குடிவருபவருக்கு வேலை இருப்பதை உறுதிசெய்ய அவருடைய முதலாளியிடமிருந்து கடிதம் கேளுங்கள் என்று வீட்டுக்காரர்களுக்குச் சொல்கிறது ஒரு கட்டுரை. சரி, கேட்கலாம். ஆனால் பல நிறுவனங்களின் மனிதவளப் பிரிவில் 'இங்கே வேலை செய்கிறார், இந்தத் தேதியில் சேர்ந்தார்' என்பதோடு முடித்துக்கொள்வார்கள். ஊழியர் சம்மதிக்காமல் சம்பளத்தைச் சொல்ல மாட்டார்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே.

கடிதத்தில் இருக்கும் கைப்பேசி எண்ணை அழைத்துப் பயனில்லை, எடுப்பவர் குடிவருபவரின் நண்பராகவும் இருக்கலாம். நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பதிவில் அந்த நிறுவனம் இன்னும் இயங்குகிறதா என்று பாருங்கள். அப்புறம் அலுவலகப் பொது எண்ணுக்கே அழையுங்கள்.

வெளிநாட்டவர் என்றால் இந்தக் கடிதம் சட்டப்படி உங்களைக் காப்பாற்றாது. அவருடைய அசல் குடிநுழைவு அனுமதியைப் பார்த்து, கடப்பிதழோடு ஒப்பிட்டு, வேலை அனுமதி செல்லுபடியாகிறதா என்று மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் சரிபார்ப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. முகவர் பார்த்துக்கொள்வார் என்று சும்மா இருந்துவிடுகிறார்கள் பலர்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் முதலாளியிடம் கடிதம் கேட்கவே கூச்சப்படுவார்கள். அவர்களிடம் வேலை ஒப்பந்தமும் சம்பளச் சீட்டும் வாங்கிக்கொண்டால் போதும். என்னைக் கேட்டால், பழைய வீட்டுக்காரரிடம் பேசுவதுதான் மேல். வாடகை ஒழுங்காக வந்ததா, காலி செய்தபோது வீடு எப்படி இருந்தது என்பதெல்லாம் முதலாளிக்கு எப்படித் தெரியும்?