தனியார் வேலையில் வாங்கும் கொமிசனும் இலஞ்சம்தான்

“இலஞ்சச் சட்டம் அரச உத்தியோகத்தருக்கு மட்டும், கொம்பனியில் கொமிசன் வாங்கினால் குற்றமில்லை” என்று யாழ்ப்பாண வட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி பிழை. இலங்கையின் 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தனியார் துறையையும் உள்ளடக்குகிறது. கடமையை மீறி நடப்பதற்காகக் காசோ பரிசோ கேட்பதும் வாங்குவதும் குற்றம். கொடுப்பவரும் தப்ப முடியாது.

கொள்வனவுப் பிரிவில்தான் இது கூடுதலாகச் சறுக்கும். மூன்று விலைக்கோரல் எடுத்துவிட்டு, “கையில் தருகிறேன்” என்றவரைத் தெரிவுசெய்வது நட்பல்ல. அப்படி யாராவது சொன்னால் மறுத்து, அன்றே மேலதிகாரிக்கு எழுத்தில் அறிவியுங்கள். விநியோகத்தர் உறவினரென்றால் முன்கூட்டியே சொல்லி, தெரிவிலிருந்து விலகுங்கள். வாய்ப்பேச்சு பிறகு சான்றாக நிற்பது கடினம்.

சட்டத்தைப் பாராளுமன்ற இணையத்தளத்தில் வாசிக்கலாம். முறையிட இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற தொலைபேசி இலக்கத்தை அழையுங்கள். அந்த வட்ஸ்அப் செய்தியைத் தயவுசெய்து இனிப் பகிராதீர்கள்.