நர்சிங் மாணவர்களுக்கு ஆர்பிட்டாலில் தொடங்க வேண்டாமே

நர்சிங், பார்மசி, லேப் டெக்னீசியன் படிப்புகளுக்கு வேதியியல் பாடத்திட்டம் என்று பெரும்பாலும் வருவது, வேதியியல் பட்டப்படிப்பின் முதல் வருடத்தைப் பாதியாக வெட்டியதுதான். ஆர்பிட்டால், அதாவது அணுவில் எலக்ட்ரான் இருக்கும் இடம், எலக்ட்ரான் அமைப்பு என்று வாரக்கணக்கில் நேரம் போகும். மருந்து கலக்கத் தேவையான செறிவுக் கணக்கு கடைசி வாரத்தில் அவசரமாக ஓடும். இதை அப்படியே தலைகீழாக்க வேண்டும் என்பது என் கட்சி.

முதல் வகுப்பில் சலைன் பாட்டிலின் லேபிளை வாசிக்கச் சொல்லுங்கள். 0.9% என்றால் லிட்டருக்கு 9 கிராம். சோடியம் குளோரைடின் மோலார் நிறை 58.44, வகுத்தால் 154 மில்லிமோல். கரைந்ததும் இரண்டு அயனி, ஆக 308 மில்லிஆஸ்மோல் (கரைந்த துகள்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அலகு). சதவீதம், மோல், அயனி, சவ்வூடு பரவல் எல்லாமே ஒரே கணக்கில் வந்தாயிற்று.

அடுத்து 5% டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ். லிட்டருக்கு 50 கிராம், அயனியாகப் பிரியாது. 50-ஐ மோலார் நிறை 180-ஆல் வகுத்து 278 மில்லிஆஸ்மோல் என்பார்கள். 252 என்று போட்ட லேபிளைக் காட்டுங்கள். ஏன் இடிக்கிறது என்பதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அங்கே எடை போட்டது மோனோஹைட்ரேட் (ஒரு நீர் மூலக்கூறு சேர்ந்தது), நிறை 198 என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். இதே விஷயம் கால்சியத்தில் விபரீதமாகும். 10% கரைசல் 10 மில்லியில் உப்பு 1 கிராம்தான். ஆனால் குளோரைடில் சுமார் 6.8 மில்லிமோல் கால்சியம், குளுக்கோனேட்டில் சுமார் 2.3. போதாததற்கு, பொட்டாசியத்தில் மில்லிமோலும் மில்லிஈக்விவலன்டும் (மில்லிமோலை அயனியின் மின்சுமையால் பெருக்கியது) ஒன்றே என்று பழகிய கை, கால்சியத்தில் இரண்டு மடங்கு தவறும்.

பிஎச்சை மடக்கையில் தொடங்கினால் பாதி வகுப்பு மிரண்டுவிடும். முதலில் நானோமோலில் சொல்லுங்கள்: 7.4 என்றால் ஹைட்ரஜன் அயனி 40, 7.1 என்றால் 80. '0.3 தானே' என்ற அலட்சியம் அங்கேயே போய்விடும். பிஎச் சட்டென மாறாமல் காக்கும் தாங்கல் கரைசலுக்கு ரத்தத்தின் பைகார்பனேட்டே போதும், அசெட்டேட் உதாரணம் எதற்கு?

லேபில் டைட்ரேஷனைக் (தரம்பார்த்தல்) குறைத்து, சாயத் தண்ணீரில் தொடர் நீர்த்தலுக்கு, அதாவது நீர்த்ததையே மறுபடி மறுபடி நீர்ப்பதற்கு, நேரம் கொடுங்கள். 10 மடங்கு நீர்க்க வேண்டுமென்றால் 1 மில்லியோடு 9 மில்லி. பலர் 10 மில்லி ஊற்றி 11 மடங்காக்குவார்கள். ஒரு தடவையில் நிறம் காட்டிக்கொடுக்காது. நாலு தடவை தொடர்ந்தால் நீர்த்த மடங்கில் பிழை சுமார் 46 சதவீதமாக ஏறியிருக்கும்.

தேர்வில் சூத்திரத்தை அச்சிட்டுக் கொடுக்காதீர்கள், எண்ணைப் போட்டு நிரப்பிவிடுவார்கள். கேள்வியில் தேவையில்லாத ஓர் எண்ணையும் சேர்த்து வையுங்கள். விடையில் அலகு இல்லையென்றால் மதிப்பெண் பூஜ்யம், இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம்.