பத்தாவது பாஸ், பதினொன்றில் இடமில்லை

(சித்தப்பா வீட்டுக் கூடம். சி.பி.யு. நெற்றியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து பாதி உதிர்ந்திருக்கிறது. மேலே ஒரு பூத்துவாலை.)

சித்தப்பா: வாடா. இதில் விண்டோஸ் பதினொன்றைப் போட்டுக் கொடு. அரை மணி நேர வேலைதான் என்றான் எதிர்வீட்டுப் பையன்.

நான்: சரி, ஆன் பண்ணுங்கள்.

சித்தப்பா: குளிக்கப் போகும்போதே பண்ணிவிட்டேன். இந்நேரம் வந்திருக்கும்.

(வந்திருந்தது. சோதித்துப் பார்த்தேன்.)

நான்: தகுதி இல்லையாம்.

சித்தப்பா: யாருக்கு, எனக்கா?

நான்: கம்ப்யூட்டருக்கு.

சித்தப்பா: பத்தாவது பாஸ் பண்ணினவனுக்குப் பதினொன்றில் இடம் இல்லையா? 2014-இல் வாங்கும்போது இது எட்டு. மறுவருடமே நேராகப் பத்து. ஒன்பது படிக்கவே இல்லை, காசும் கேட்கவில்லை!

நான்: அது டபுள் புரமோஷன். இப்போது நுழைவுத் தேர்வு. 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் எல்லாம் இருக்கிறது. டி.பி.எம். 2.0 இல்லை.

சித்தப்பா: அது என்ன?

நான்: ரகசியச் சாவிகளைப் பூட்டி வைக்கிற சிப்.

சித்தப்பா: சாவிக்கொத்து உன் சித்தி இடுப்பில் இருக்கிறது. வாங்கிக்கொள்.

நான்: அது போதாது. இன்டெல் பிராசசர் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். உங்களுடையது நாலாவது.

சித்தப்பா: ஏழு தலைமுறைக்குச் சொத்து சேர்த்தவன்கூட எட்டாம் தலைமுறையைப் பற்றிப் பேசினதில்லையே! சரி, மேனேஜ்மென்ட் கோட்டா எதுவும் கிடையாதா?

நான்: குறுக்கு வழி இருக்கிறது. ஆனால் உள்ளே போன பிறகு அப்டேட் வரும் என்று உத்தரவாதம் கிடையாது.

சித்தப்பா: அப்படியென்றால் பத்திலேயே இருந்துவிடட்டும்.

நான்: பத்துக்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிந்துவிட்டது. கம்ப்யூட்டர் ஓடும். ஆனால் புது ஓட்டை விழுந்தால் அடைக்க ஆள் வராது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போடட்டுமா? இலவசம்.

சித்தப்பா: (நிமிர்ந்து உட்கார்ந்து) இலவசமா! சாலிடேர் சீட்டாட்டம் உண்டா?

நான்: உண்டு.

சித்தப்பா: இதே சாலிடேரா?

நான்: வேறு மாதிரி இருக்கும்.

சித்தப்பா: வேண்டாம்.

(இந்த ஒரு வார்த்தைக்கு மேல் சித்தப்பாவிடம் வாதாடி ஜெயித்தவர் எங்கள் குடும்பத்தில் இல்லை.)

நான்: ஒன்று பண்ணலாம். பத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் தருகிறார்கள். பதிவு பண்ண வேண்டும்.

சித்தப்பா: டியூஷன் என்று சொல். ஃபீஸ் எவ்வளவு?

நான்: செட்டிங்ஸை அவர்களிடம் பேக்கப் பண்ணச் சம்மதித்தால் ஃபீஸ் இல்லை. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் மட்டும் வேண்டும்.

சித்தப்பா: இருக்கிறதே! போன மாதம்தான் எதிர்வீட்டுப் பையன் ஆரம்பித்துக் கொடுத்தான்.

நான்: பாஸ்வேர்டு?

சித்தப்பா: கவலைப்படாதே, எழுதி வைத்திருக்கிறேன். அதோ, அந்தக் காலண்டரில்.

(சுவரில் தினசரிக் காலண்டர். இன்றைய தேதி, ராகுகாலம், எமகண்டம் மட்டும் தெரிகிறது.)

நான்: இதில் எந்த இடத்தில் எழுதினீர்கள்?

சித்தப்பா: அன்றைக்குத் தேதித் தாளில்தான். பெரிய எழுத்தில், கண்ணில் படுகிற மாதிரி.

நான்: அன்றைக்குத் தாள் எங்கே?

சித்தப்பா: மறுநாள் காலையில் கிழித்...

(மௌனம். கம்ப்யூட்டர் விசிறி மட்டும் சுற்றுகிறது.)

சித்தப்பா: (அடுக்களையைப் பார்த்து) ஏய், கிழிக்கிற தாளில்தானே நீ பால் கணக்கு எழுதுவாய்?