லென்ஸையும் கொண்டு வா என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை

“பற்றரி போய்விட்டது தம்பி, புதிதாக ஒன்று வாங்குங்கள்.” என் கமராவின் பற்றரி இரவோடு இரவாக இறங்குகிறது என்று சொன்னால், ஏழு மாதமாக இதையே கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. மட்டக்களப்பு நகரில் கேட்டேன், கல்முனையில் கேட்டேன், கொழும்பிலிருந்து தொலைபேசியிலும் கேட்டேன். சொன்னவர்களில் ஒருவர்கூட அந்தப் பற்றரியைக் கையில் வாங்கி அளந்து பார்க்கவில்லை. போய்விட்டது என்றால் போய்விட்டது. எடு பணத்தை.

எடுத்தேன். 18,000 ரூபாவுக்கு அசல் பற்றரி ஒன்று. இரண்டாம் நாள் காலையில் அதுவும் செத்துக் கிடந்தது. “அசல் என்று சொல்லி உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள்” என்றார் அடுத்த கடைக்காரர். அவரிடம் இன்னொன்று வாங்கினேன். அதற்கும் அதே கதி. மூன்றாவது கடையில் மெமரி கார்டை மாற்றச் சொன்னார்கள். நிறுத்தி வைத்த கமராவில் மெமரி கார்ட் எப்படி ஐயா மின்சாரம் குடிக்கும்? கேட்டால், “இப்போது வெயில் அதிகம்தானே” என்கிறார்.

என் குறை ஒன்றே ஒன்றுதான். எல்லாரிடமும் அதை ஒரே மாதிரியாகத்தான் சொன்னேன். படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது பற்றரி ஒழுங்காக நிற்கிறது. நிறுத்திப் பையில் வைத்தால்தான் இறங்குகிறது. வீட்டுத் தாங்கியில் இரவோடு இரவாகத் தண்ணீர் வற்றினால் உடனே புதுத் தாங்கியா வாங்குவோம்? எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று பார்க்க மாட்டோமா?

வைகாசியில் எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் சடங்கு. அம்மன் சினம் தணியப் பாடும் திருக்குளிர்த்தியைப் படமெடுக்கும் பொறுப்பை என்னிடம் தந்திருந்தார்கள். முழுதாக ஏற்றிய பற்றரியோடு போனேன். மாலையில் கொஞ்சப் படங்கள் எடுத்துவிட்டு, விடியற்காலைக்கு மிச்சம் வேண்டுமே என்று இரவு ஏழு மணிக்கே கமராவை நிறுத்திவிட்டேன். எவ்வளவு கவனமாக இருந்தேன்! ஒன்பது மணியளவில் ஒரு தடவை பையில் கை வைத்தபோது லென்ஸின் கழுத்து இளஞ்சூடாக இருந்தது. புழுக்கம் என்று விட்டுவிட்டேன். விடியற்காலையில் குளிர்த்தி பாடத் தொடங்கினார்கள். பாடுகிறவர்களில் மூத்தவருக்கு எண்பது வயதுக்கு மேல். அடுத்த வருடம் வந்து நிற்பேனோ தெரியாது என்று அவரே முதல் நாள் என்னிடம் சொல்லியிருந்தார். கமராவை இயக்கினேன். பற்றரிக் குறி ஒரு தடவை சிவந்து மின்னியது, திரை இருண்டது. அவர் பாடி முடிக்கும்வரை செத்த கமராவோடு கூட்டத்தில் நின்றேன். அந்தக் காலைப் பொழுதை எந்தக் கடைக்காரர் எனக்குத் திருப்பித் தருவார்?

அதற்குப் பிறகுதான் கமராவைக் கொழும்பில் திருத்துகிறவர்களுக்கு அனுப்பினேன். அங்கே நடந்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு பதறுகிறது. “லென்ஸ், தோள் பட்டி, கார்ட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கமராவை மட்டும் அனுப்புங்கள்” என்றார்கள். அப்படியே அனுப்பினேன். மூன்று வாரம் வைத்திருந்தார்கள். தங்களிடமிருந்த லென்ஸைப் பூட்டிப் பார்த்தார்கள். “குறை எதுவும் இல்லை” என்று ஒரு துண்டு எழுதி, பரிசோதனைக் கட்டணமும் வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பினார்கள். குறை எப்படி இருக்கும்? குறையைத்தான் என் வீட்டு அலுமாரியில் வைக்கச் சொல்லிவிட்டார்களே! எந்த லென்ஸ் பூட்டியிருக்கும்போது இறங்குகிறது என்று ஒரு கேள்வி. ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

கடைசியில் நானே உட்கார்ந்தேன். முதல் இரவு லென்ஸ் இல்லாமல், வாய்க்கு மூடி போட்டு வைத்தேன். காலையில் பற்றரி முழுதாக இருந்தது. இரண்டாம் இரவு 50 மில்லிமீற்றர் லென்ஸ். அப்போதும் முழுதாக இருந்தது. மூன்றாம் இரவு, நான் சடங்குக்கும் கல்யாணத்துக்கும் கொண்டு போகும், கைநடுக்கத்தைத் தடுக்கும் அந்தப் பெரிய ஸூம் லென்ஸ். காலையில் பற்றரி வெறுமை. மூன்றே இரவு, ஒரு சதம் செலவில்லை.

பிறகு எங்கள் ஒழுங்கையில் வானொலி திருத்தும் மாமாவிடம் போனேன். கமராவை வாழ்நாளில் திறந்து பார்க்காத மனிதர். பற்றரியின் இடத்தில் வைக்கும் வயர் பூட்டிய போலிப் பற்றரி என்னிடம் இருந்தது. கமராவை நிறுத்திவிட்டு, அந்த வயரின் நடுவே மின்னோட்டம் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தார். லென்ஸ் இல்லாமல் ஒரு மில்லி அம்பியர்கூட இல்லை. பெரிய லென்ஸைப் பூட்டியதும் முள் 170க்குப் பாய்ந்தது. நடுக்கம் தடுக்கும் ஆளியை அணைத்துப் பார்த்தார், குறையவில்லை. “உள்ளே எங்கோ கசிகிறது மகன். உப்புக் காற்றுப் பிடித்திருக்கும்” என்றார். பத்து நிமிடம். என் பற்றரி 1,800 மில்லி அம்பியர் மணி கொள்வது. 170ஆல் வகுத்துப் பாருங்கள், பத்தரை மணி நேரம். இரவு ஏழு மணிக்கு நிறுத்தியது விடியற்காலையில் ஏன் செத்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா?

மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கிறவனுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்பு படியாத பொருள் எங்கள் வீட்டில் இல்லை. உப்பு ஈரம் பட்டால் மின்சாரத்தைக் கடத்தும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். தொழிலாகவே செய்கிறவர்களுக்கு இது ஏன் தோன்றவில்லை?

லென்ஸ் செய்கிறவர்கள் மீதும் எனக்குக் கோபம் இருக்கிறது. இன்றைய லென்ஸ் வெறும் கண்ணாடி இல்லை. குவியம் பார்க்க ஒரு மோட்டார், துளையைச் சுருக்க ஒரு மோட்டார், நடுங்கும் கைக்கு ஈடாகக் கண்ணாடியை அசைக்கக் காந்தச் சுருள்கள். எல்லாம் பின்புறத்துத் தங்கப் புள்ளிகள் வழியே கமராவிடமிருந்துதான் மின்சாரம் வாங்குகின்றன. கமராவும் லென்ஸும் ஓயாமல் பேசிக்கொள்கின்றன. ஒவ்வொரு படத்திலும் லென்ஸின் பெயரைக்கூட எழுதி வைக்கத் தெரிந்த கமராவுக்கு, “இந்த லென்ஸ் அளவுக்கு மிஞ்சி இழுக்கிறது” என்று ஒரு வரி திரையில் காட்டத் தெரியாதா? எனக்குத் தொழில் பழக்கியவர் 1982இல் வந்த நிக்கோன் எஃப்எம்2 வைத்திருந்தார். அதில் இரண்டு பொத்தான் பற்றரிகள் வெளிச்சம் அளப்பதற்கு மட்டும். அவை செத்தாலும் படம் விழும். வெளிச்சத்தைக் கண்ணால் கணித்து அவர் கல்யாணங்களை எடுத்து முடித்திருக்கிறார். பழையதே நல்லது என்று சொல்ல வரவில்லை, இருட்டில் கையில் பிடித்து எடுக்க எனக்கு இந்த லென்ஸ் வேண்டும். ஆனால் கெட்டால் கெட்டது என்று சொல்லும் நேர்மை அதற்கு வேண்டும்.

போன கிழமை லென்ஸையும் கமராவையும் ஒன்றாகவே இரவு பஸ்ஸில் கொழும்புக்கு அனுப்பினேன். “தனித்தனியாகப் பார்க்க வேண்டாம். இந்த லென்ஸை இந்தக் கமராவில் பூட்டி, நிறுத்தி வைத்து, மில்லி அம்பியர் அளந்து பாருங்கள். பற்றரியில் குறை இல்லை” என்று பெரிய எழுத்தில் எழுதிப் பெட்டிக்கு உள்ளேயும் வெளியேயும் ஒட்டியிருக்கிறேன். நேற்று அங்கிருந்து ஒருவர் அழைத்தார். பற்றரி எப்போது வாங்கியது என்று கேட்டார். கடதாசியைப் படித்துவிட்டு எடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். இன்னும் எடுக்கவில்லை.